சத்தத்தை மூடிவிட்டு எழுதியவள்

ஸலாஹுதீனின் மகள் இல்மாவைப் பற்றிக் கற்பிட்டியில் யாரிடம் கேட்டாலும், "அது வீட்டில கேம் அடிச்சிக்கிட்டு இரிக்கி" என்றுதான் சொல்வார்கள். முப்பதை எட்டிப் பார்க்கிற, இரண்டு தடவை கல்யாணம் பேசி நின்றுபோன ஒரு பெண்ணைப் பற்றி இதைவிட மோசமாகவும் பேசியிருக்கலாம். ஊர் அந்த மட்டில் கருணை காட்டியது. அவள் விளையாடியது உண்மை. விளையாடியதைப் பற்றி அவள் எழுதினாள் என்பதும், அந்த எழுத்துக்காகச் சில நூறு பேர் எங்கெங்கோ காத்திருந்தார்கள் என்பதும்தான் ஊருக்குத் தெரியாது.

இலங்கையில் யுத்தம் முடிந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. உடப்பிலிருந்து பாரிசுக்குப் போய், அங்கே ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த கிரிசாந்த் என்பவன் 'சதுரம்' என்ற பெயரில் ஓர் இணையத்தளம் நடத்தினான். கம்பியூட்டர் விளையாட்டுகளுக்குத் தமிழில் விமர்சனம் எழுதுகிற தளம். அதிலும் எல்லா விளையாட்டுக்கும் அல்ல. ஒருவரோ இருவரோ வீட்டிலிருந்தபடி செய்கிற, பழைய காலத்து விளையாட்டுகளைப் போலச் சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கி வரைந்த விளையாட்டுகளுக்கு மட்டும். இல்மா அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் ரசனையல்ல. அவளுடைய அண்ணன், நாநா, கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன லெப்டொப்தான் அவளிடம் இருந்தது. பெரிய விளையாட்டு எதையாவது திறந்தால் அது சூடேறி, இரைந்து, அணைந்துவிடும். சதுரங்களை மட்டும் தாங்கும்.

கட்டாயத்தில் தொடங்கியது ஆசையாக மாறிவிட்டது. ஒரு முகத்தை ஆறு சதுரத்தில் வரைகிறவன் எதை விடுவது, எதை வைப்பது என்று எவ்வளவு யோசித்திருப்பான் என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள். 'அழகு' என்ற சொல்லைத் தன் எழுத்திலிருந்து எடுத்துவிட்டாள். அழகு என்று தோன்றினால், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் இருந்தது என்று எழுதினாள். பாய்கிற மனிதன் தரைக்கு வரும்போது உடம்பின் பாரம் தெரிகிறதா என்று பார்த்தாள். செத்துப்போனால் அது தன் பிழையா, செய்தவனின் பிழையா என்று பார்த்தாள். எந்த விளையாட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடமாட்டாள். முடிக்காமல் எதையும் எழுதமாட்டாள். "நீங்க எழுதினத வாசிச்சா கேம் விளையாடத் தேவையில்ல அக்கா" என்று மட்டக்களப்பிலிருந்து யாரோ எழுதியிருந்தான். அது புகழ்ச்சியா திட்டா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவளுடைய எழுத்தில் ஒன்று மட்டும் எப்போதும் இருக்காது. அதை வாசகர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை, கிரிசாந்தும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு விளையாட்டின் இசையைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஏனென்றால் அவள் எதையும் கேட்டதில்லை.

வாப்பா பாரிசவாதம் வந்து விழுந்த வருடம் அவள் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்தவள். உம்மா அவள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே மௌத்தாகிவிட்டார். நாநா கட்டாரில். மீன் ஏலத்தில் நின்று விலை கூவிய மனிதர் ஸலாஹுதீன். கரையோர மீன் வாடிக்குள் அவர் கூவினால் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்கும் என்பார்கள். அந்தத் தொண்டையில் இப்போது மிச்சமிருந்தது ஓர் "இ..." மட்டும். இல்மா என்று கூப்பிட நினைத்தால் அந்த "இ..." வரும், மீதி வராது. தண்ணீர், வலி, புரட்டிப் படுக்கவேண்டும், பயமாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அதுதான். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அதுவும் கேட்காது.

ஆகவே இல்மாவின் காதுகள் இரண்டும் அந்த உள்ளறைக்குச் சொந்தமாகிவிட்டன. லுஹர் தொழுகைக்குப் பிறகு வாப்பா கண்ணயரும் நேரம்தான் அவளுடைய விளையாட்டு நேரம். லெப்டொப்பைத் திறந்ததும் முதல் வேலையாகச் சத்தத்தை மூடிவிடுவாள். ஹெட்போன் ஒன்று அலுமாரிக்குள் பிரிக்காத பெட்டியில் கிடந்தது. கண்ணால் விளையாடி, காதால் வாப்பாவைப் பார்த்துக்கொண்டாள். அப்படிச் செய்வது ஒரு குறை என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சமைக்கும்போது முக்காட்டை இழுத்துச் செருகுவதைப் போல அது ஒரு பழக்கமாகிவிட்டது.

அவள் எழுதத் தொடங்கிய ஆறாவது வருடம் கிரிசாந்த் ஒரு விளையாட்டை அனுப்பினான். "நம்ம பக்கத்து ஆள் செஞ்சது. கட்டாயம் எழுதுங்க இல்மா" என்று சொல்லியிருந்தான்.

அதன் திரையில் ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு சின்ன உருவம் நடுவில் நின்றது. வளைந்து, உள்ளே சுருண்டு, பழுப்பு நிறத்தில் நாலைந்து சதுரம். கடலைப் பற்றிய விளையாட்டு என்று தெரிந்திருந்ததால் அது சங்கு என்று எடுத்துக்கொண்டாள். பிறகு திரை இருண்டது. மழை சாய்வாகப் பெய்தது. விளக்கு கட்டிய ஒரு வள்ளம். அதைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் கரை தெரியவில்லை. நீருக்கடியில் கற்பார் என்கிற பாறைத்தொடர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. வள்ளம் போய் மோதும், விளக்கு அணையும், மறுபடி முதலிலிருந்து. இடது பக்கம் போனாள், வலது பக்கம் போனாள், மழை சாய்கிற திசையில் ஏதாவது குறிப்பு இருக்குமோ என்று பார்த்தாள். பல மத்தியானங்கள் அப்படிப் போயின. எந்த விளையாட்டையும் முடிக்காமல் விடாதவள் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். இதை முடிக்க முடியாது.

அதையே எழுதினாள். "தொடக்கத்தில் வரும் சங்கில் இருக்கும் கவனம் பிறகு எங்கும் இல்லை. மழையை நன்றாகப் பெய்ய வைத்திருக்கிறார். ஆனால் விளையாடுகிறவரை இருட்டில் விட்டுவிட்டு, ஒரு வழியும் காட்டாமல், மோதும்போதெல்லாம் தண்டிக்கிறார். இருட்டைக் காட்டுவது இலேசு. இருட்டுக்குள் ஒருவரைக் கூட்டிப்போவதுதான் வேலை. அந்த வேலையை இவர் செய்யவில்லை." நல்ல வசனங்கள். அவளுக்கே பிடித்திருந்தன.

இரண்டொரு கிழமை கழித்து அவளுடைய ஃபோனுக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. குசினியில் நின்று, ஒரு காது உள்ளறைப் பக்கம் இருக்க, மற்றக் காதில் வைத்துக் கேட்டாள்.

"அக்கா, நான் வின்சன்ட். சிலாபத்துப் பக்கம். அந்த வள்ளத்துக் கேம் செஞ்ச ஆள். கிரிசாந்த்தான் நம்பர் தந்தான். எழுதி அனுப்பல்ல எண்டு கோவிக்காதீங்க. எனக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத வாசிக்க வராது, ஸ்கூல்ல சிங்களம்தானே. நீங்க எழுதினத உடப்பில ஒரு ஃபிரெண்ட் வாசிச்சுக் காட்டினான். அம்மாவும் பக்கத்தில இருந்தாங்க..."

நடுவில் ஒரு பெண்குரல் புகுந்தது. "காதைப் போய்ச் சங்கு எண்டு சொன்ன பிள்ளைதானே அது? கண்ணும் தெரியாதா எண்டு கேளு!"

"சும்மா இருங்க அம்மா. அக்கா, கோவமில்ல. ஒண்டு மட்டும் கேக்கட்டா? லெஸ்லிட குரல் உங்களுக்குக் கேக்கல்லியா? அது எங்கட தம்பி. அவன் கூப்பிடுற பக்கம் போனா வள்ளம் கரைக்கு வரும். அவ்வளவுதான் அந்தக் கேம்."

இல்மா ஃபோனைக் கீழே வைத்தாள். லெப்டொப்பைத் திறந்து அந்தத் தொடக்கத் திரையைப் பார்த்தாள். காது. ஒரு தடவை காது என்று தெரிந்தபின் அதை மறுபடி சங்காகப் பார்க்க எவ்வளவு முயன்றும் முடியவில்லை.

அவள் தமிழில் ஒரு நீண்ட மன்னிப்பை எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டு, ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். "தம்பி, நான் சத்தத்த மூடி வெச்சிட்டுத்தான் விளையாடின."

"அனே, ஏன் அக்கா? காது கேக்காதா?"

"காது கேக்கும். அது வேற வேலையில இரிக்கி." வாப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

வின்சன்டின் பதில் வந்தது. லெஸ்லி கரையில் நின்று கூப்பிடுகிறவன் என்று சொன்னான். இருட்டில், மழையில், அவர்கள் ஊர் வள்ளங்கள் கற்பாருக்கு நடுவே இருக்கும் சின்ன வாசலால் உள்ளே வரவேண்டும். கரையில் ஓர் ஆள் நின்று குரல் கொடுப்பது வழக்கம். லெஸ்லிக்குப் பெரிய குரல். இந்த விளையாட்டில் சேர்ப்பதற்காக வின்சன்ட் ஒருநாள் அவனைக் கரையில் நிறுத்திக் கூப்பிடச் சொல்லிப் பதிவு செய்தான். அடுத்த வருடம் லெஸ்லி தானே கடல் தொழிலுக்குப் போனான், திரும்பி வரவில்லை. "அண்டைக்குக் கரையில ஆள் இல்லாம இல்ல அக்கா. நான்தான் நிண்டன். என்ட குரல் அவனுக்குக் கேக்கல்ல போல."

இல்மா அந்தப் பதிவை முதலிலிருந்து திரும்பக் கேட்டாள்.

விஷயத்தை அறிந்து கிரிசாந்த் அன்றைக்கே தொலைபேசியில் வந்தான். "விடுங்க இல்மா. அந்தப் பழைய விமர்சனத்தத் தூக்கிருவம். நாப்பது பேர்கூட முழுசா வாசிச்சிருக்க மாட்டாங்க."

"அந்த நாப்பது பேர விடுங்க. அவங்கட உம்மாக்கு வாசிச்சுக் காட்டி இரிக்காங்க."

"அதுக்கு?"

"கேட்டத அழிக்க ஏலாதே கிரிசாந்த். நான் ஒழுங்கா விளையாடி, முடிச்சு, திரும்ப எழுதணும்."

"சரி, எழுதுங்க. ஹெட்போனப் போட்டா ஒரு மணித்தியால வேலை."

அந்த ஒரு மணித்தியாலம் இல்மாவுக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தி ஸுலைஹாவைக் கூப்பிட்டு வாப்பாவுக்குப் பக்கத்தில் இருத்தினாள். அலுமாரியிலிருந்த ஹெட்போனைப் பிரித்துக் காதில் மாட்டினாள். மழை பெய்யத் தொடங்கியது, அவ்வளவுதான். உடனே கழற்றி உள்ளே போய்ப் பார்த்தாள். "என்ன புள்ள?" என்றார் ஸுலைஹா. "வாப்பா கூப்பிட்டாரா சாச்சி?" "இல்லியே." மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள். மூன்றாவது தடவை வாப்பா உண்மையாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இ... இ..." என்று கண் கலங்கக் கிடந்தார். ஸுலைஹா பாவம், தண்ணீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு, "நான் குடுத்தா குடிக்கிறாரில்ல. உன்னத்தான் தேடுறார்" என்றார். இல்மா ஹெட்போனைப் பெட்டிக்குள் வைத்தாள். வின்சன்டுக்கு, "கொஞ்சம் பொறுங்க தம்பி, கட்டாயம் எழுதுவன்" என்று சொல்லி அனுப்பினாள். "அவசரமில்ல அக்கா" என்றான் அவன். ஆனால் அவன் இத்தாலிக்குப் போகப் பதிந்திருப்பதாகக் கிரிசாந்த் சொல்லியிருந்தான். போவதற்கு முன் அம்மாவுக்கு ஒரு நல்ல வார்த்தை கேட்கக் கொடுக்கவேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை என்றும் சொல்லியிருந்தான்.

காற்றுக்காலம் தொடங்கிக் கடல் கொந்தளித்த நாட்களில் வாப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சின் சத்தத்தை வைத்தே இல்மா எல்லாம் அறிந்தாள். இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம். ஒரு காலையில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அந்த வீட்டில் எதுவோ குறைந்திருந்தது. அவள் உள்ளே ஓடிப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

ஜனாஸாவுக்கு ஏலம் கூவுகிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். நாநாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கத்தம் ஓதி, சனம் கலைந்து, பாயெல்லாம் சுருட்டி வைத்தபின் வீடு பெரிதாகிவிட்டது. இப்போது அவளுக்குத் தடையொன்றும் இல்லை. லெப்டொப்பைத் திறந்து, ஹெட்போனை எடுத்தாள். ஒரு காதில் வைத்தாள். மற்றக் காதை மூட அவளால் முடியவில்லை. கை அதுவரை போய் நின்றது. யாரும் கூப்பிடப்போவதில்லை என்று அறிவுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. ஒற்றைக் காதோடு விளையாடிப் பார்த்தாள். லெஸ்லியின் குரல் கேட்டது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து என்று ஒற்றைக் காதுக்குத் தெரியாது. வள்ளம் கற்பாரில் மோதிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சோற்றோடு வந்த ஸுலைஹா, இல்மா ஒரு காதைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்து, "காது குத்துதா?" என்று கேட்டார். இல்மா விஷயத்தைச் சொன்னாள். எல்லாம் விளங்கியதா என்று தெரியவில்லை, ஆனால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப மத்தக் காதுக்கு நான் இரிக்கன். கொண்டா அத."

ஹெட்போனை ஒதுக்கிவிட்டு, ஃபோனோடு வந்த, காதுக்குள் செருகுகிற வயரை எடுத்தார்கள். வலது பக்கத்தை ஸுலைஹாவின் முக்காட்டுக்குள் இல்மா செருகினாள்.

"இது ஹராமில்லியா புள்ள?"

"பாட்டில்ல சாச்சி. ஒராள் கூப்பிடுறார்."

"ஆர?"

"எங்களத்தான். உங்கட பக்கம் சத்தம் கூடக் கேட்டாச் செல்லுங்க."

மழை. காற்று. பிறகு தூரத்தில், "ஓ...ய்! இஞ்சால! இஞ்சால வாங்கோ!"

"அல்லாஹ்வே, என்னா தொண்ட!" என்று ஸுலைஹா துள்ளினார். "என்ட பக்கம்! என்ட பக்கம்!" வள்ளம் திரும்பியது. "இப்ப இல்ல. இப்ப உன்ட பக்கமா? ஏன் புள்ள, நான் செல்லச் செல்ல நீ அங்கிட்டே போறாய்! உன்ட வாப்பா மாதிரியே, செல்வழி கேக்கிறதில்ல." மோதியது. விளக்கு அணைந்தது. "பாத்தியா?" மறுபடி முதலிலிருந்து. சோறு ஆறியது. அஸருக்குப் பாங்கு சொன்னபோது ஸுலைஹா எழும்பிப் போய்த் தொழுதுவிட்டு வந்து மறுபடி வயரைச் செருகிக்கொண்டார். குரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு பேருக்கும் ஒரேயளவாகக் கேட்கிற ஓர் இடம் வந்தது. "ரெண்டு பக்கமும், புள்ள. நேர போ. நேர." வள்ளம் கற்பாரின் வாசலால் உள்ளே நுழைந்து மணலில் ஏறியது.

குரல் நின்றது.

நின்ற அந்தக் கணமே இல்மா எழும்பிவிட்டாள். வயர் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்தது. உள்ளறை வாசல்வரை ஓடினாள். மெத்தை கழற்றிய கட்டில் மட்டும் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸுலைஹா பின்னால் வந்து அவளுடைய தோளைப் பிடித்தார். "என்ன மகள்?"

"கூப்பிடுறது நிண்டுட்டுது சாச்சி."

"நாமதான் வந்திட்டமே. வந்த ஆக்கள என்னத்துக்குக் கூப்பிடுறது?" என்று சொன்னவர், கொஞ்சம் கழித்து, "கரையில அந்தப் பொடியனக் காணல்லியே. விளக்கு மட்டும்தானே வெச்சிரிக்கி?" என்று கேட்டார். இல்மா லெஸ்லியைப் பற்றிச் சொன்னாள். ஸுலைஹா தன் காதோடு இழுபட்டு வந்திருந்த வயரைக் கழற்றி, உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு, வேறு மதத்துப் பிள்ளை என்று பார்க்காமல் வாய்க்குள் ஓதினார்.

விமர்சனம் எழுதக் கனநேரம் எடுக்கவில்லை. விளையாட்டை இரண்டு பேராக முடித்ததாக எழுதினாள். குரல் தூரத்தில் இருக்கும்போது மழைக்குள் எப்படி உடைந்து வருகிறது, கிட்ட வரும்போது அதில் எப்படி ஒரு சிரிப்புச் சேர்கிறது என்று எழுதினாள். கரை சேர்ந்ததும் செய்தவர் இசை ஒன்றையும் போடாமல் விட்டதுதான் இந்த விளையாட்டில் தனக்குத் தெரிந்த மிகக் கடினமான வேலை என்று எழுதினாள். பழையதை எடுக்கவேண்டாம் என்று கிரிசாந்திடம் சொன்னாள்.

"அப்பிடியே இருக்கட்டும். எழுதினவ சத்தத்த மூடி வெச்சு விளையாடினா எண்டு அதுக்குக் கீழ போடுங்க. மத்த எல்லா விமர்சனத்துக்குக் கீழயும் போடுங்க."

"எல்லாத்துக்குமா? ஆறு வருஷத்துக்கும்? இல்மா, பிறகு ஆரும் உங்கள நம்ப மாட்டாங்க."

"ஓம். போடுங்க."

வின்சன்ட் அதற்குள் இத்தாலிக்குப் போய்விட்டான். ஆகவே இல்மா விமர்சனத்தைத் தானே ஃபோனில் வாசித்து அனுப்பினாள். லெஸ்லியின் பெயர் வந்த இடத்தில் குரல் தடுக்கியது. திரும்ப வாசிக்காமல் அப்படியே விட்டாள். அடுத்தநாள் பதில் வந்தது, வேறோர் இலக்கத்திலிருந்து, வின்சன்டின் அம்மா பவுலினாவின் குரலில்.

"மகள், நான் வின்சன்ட்ட அம்மா. மகன் அனுப்பினான், கேட்டன். அண்டைக்கு ஏசினத மனசில வெச்சிக்கொள்ளாதீங்க." மூக்கை உறிஞ்சும் சத்தம். "கம்பியூட்டரையும் அவன் கொண்டு போயிட்டான். கேட்டா அனுப்புவான்தான். ஆனா கேட்டா அழுவான், அதான் கேக்கல்ல. மகள், எங்கட புள்ள இன்னும் அப்பிடித்தான் கூப்பிடுறானா? எனக்கு ஒருக்காக் கேக்க ஏலுமா?"

இல்மா லெப்டொப்பிலிருந்து வயரைக் கழற்றினாள். சத்தத்தை முழுதாகத் திறந்தாள். மழை அந்த வீடு முழுவதும் பெய்யத் தொடங்கியது. ஃபோனைப் பக்கத்தில் வைத்து, பதிவை அமுக்கி, வள்ளத்தை எடுத்தாள். "ஓ...ய்! இஞ்சால!" என்று லெஸ்லி கூப்பிட்டான். வழி இப்போது அவளுக்குப் பாடம். கற்பாரின் வாசல் வரை போனாள். குரல் மிகப் பெரிதாகக் கேட்ட அந்த இடத்தில், கரைக்கு ஏறாமல், வள்ளத்தை மெதுவாகத் திருப்பிக் கடலுக்குள் கொண்டுபோனாள். அவன் விடாமல் கூப்பிட்டான். மறுபடி கிட்டக் கொண்டுவந்தாள், மறுபடி திருப்பினாள்.